அட்டைக்குள் வசந்தாமணி

சுத்துது. இன்னும் சுத்திட்டேதான் இருக்குது. கறுப்புத் திரைக்கு நடுவுல வெள்ளையா ஒரு வட்டம், வட்டத்து மேல ஒரு புள்ளி, அது ஓடி ஓடிப் பொறப்பட்ட எடத்துக்கே வருது, வந்து நிக்காம மறுபடி ஓடுது. மொத தடவ போன் எந்திரிக்க நேரமாகும், பயப்படாதீங்கன்னு இந்த வேல பண்ற பசங்க குழுவுல ஒருத்தன் எழுதியிருந்தான். பயப்படாதீங்கன்னு ஒருத்தன் சொன்னாலே பயந்துக்கோன்னுதான் அர்த்தம், எனக்குத் தெரியாதா, அந்தப் பெரிய டாக்டரும் அதத்தான் சொன்னாரு, பயப்படாதீங்க நாச்சிமுத்து, குரல்வளைய எடுத்துட்டா உங்க வீட்டம்மா நல்லா இருப்பாங்கன்னாரு, கொல்லையில முருங்கை மரத்த வெட்டிட்டா வெளிச்சம் வரும்னு சொல்ற மாதிரி. நல்லாத்தான் இருக்கிறா. சமையக்கட்டுல நிக்கிறா, சீரகம் பொரியுது, கரண்டிய சட்டி ஓரத்துல தட்டறா, ஒரு தட்டு, ரெண்டு தட்டு. இது என்னையக் கூப்புடறது இல்ல, கரண்டியில ஒட்டுனத உதறறது. கூப்புடறதுன்னா மூணு தட்டு. மூணு தட்டுனா நான் போயி மோந்து பாக்கணும். கழுத்துல ஓட்டை போட்டதுக்கப்பறம் மூச்செல்லாம் அது வழியாத்தான், மூக்குக்குக் காத்துப் போறதே இல்ல, அதனால வாசமும் போச்சு, குரலோட சேத்து அதையும் எடுத்துட்டாங்கன்னு வீட்டுக்கு வந்தப்பறந்தான் எங்களுக்கே வெளங்குச்சு. பால் கெட்டுப்போச்சா, கேஸ் கசியுதா, சோறு அடிப்புடிக்குதா, இந்த வீட்டுல எல்லாத்துக்கும் இப்ப நான்தான் மூக்கு. அவளுக்கு நாக்கா ஒண்ணு செஞ்சு குடுக்கலாம்னுதான் காத்தால டீயக் குடிச்ச கையோட இதுல ஒக்காந்தேன். சுத்துது பாரு, கருமம்.

இது என் போன். பழசு. கம்பெனிக்காரன் எப்பவோ கைகழுவி விட்டுட்டான், இனிமே உன் மாடலுக்குப் புதுசா ஒண்ணும் வராதுன்னுட்டான். வராட்டிப் போகுதுன்னு நானும் ஓட்டிட்டு இருந்தேன், பேசுது, கேக்குது, வேறென்ன வேணும். ஆஸ்பத்திரியில பேச்சுப் பயிற்சி குடுக்கிற ஹெப்சிபா மேடம்தான் சொல்லுச்சு, அங்கிள், ஆன்ட்டி முன்னாடி பேசுன ரெக்கார்டிங் எதாவது வெச்சிருக்கீங்களா, ஒரு மணி நேரத்துக்கு இருந்தாக் கூடப் போதும், ஒரு ஆப் இருக்குது, அதக் கேக்க வெச்சீங்கன்னா அது கத்துக்கும், அப்பறம் ஆன்ட்டி என்ன டைப் பண்ணாலும் ஆன்ட்டி குரல்லயே பேசும்னு. வசந்தாமணி கையில சிலேட்டு இருந்துச்சு, கொழந்தைங்க வெச்சு வெளையாடுமே, எழுதிட்டு ஒரு பட்டன அமுக்குனா எல்லாம் மறைஞ்சிருமே, அந்த சிலேட்டு, அதுல கிறுகிறுன்னு எழுதிக் காட்டுனா, என்ற குரல்ல பேசுச்சுன்னா மொதல்ல இவியளத்தான் வையப்போறன்னு, என்னையக் கை காட்டி. அந்த மேடம் சிரிச்சுது. இவளும் சிரிச்சா, சத்தமில்லாம, தோளு மட்டும் குலுங்கும், கழுத்துத் துணி உள்ள போயி வெளிய வரும். அன்னைக்கு ராத்திரி ஆப்பத் தேடி எறக்கப் பாத்தா இந்தச் சாதனத்துக்குப் பொருந்தாதுங்குது. புதுப் போன் வாங்கிக்கலாங்ன்னு எழுதுனா. கடைப் பையங்கிட்டயாவது குடுங்ன்னு எழுதுனா. நானா கேப்பேன். பம்ப்செட் கம்பெனியில மோட்டார் டெஸ்டிங்ல இருக்கிறவன், இந்த வீட்டு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி எதையும் வெளியாள் தொட்டதில்ல, ஒரு போனக் கொண்டுபோயி மீசை மொளைக்காதவங்கிட்ட நீட்டுவேனா. கஸ்டம் ரோம்னு ஒண்ணு இருக்குது வசந்தா, கம்பெனிக்காரன் போட்டு அனுப்புன உசுர உருவிட்டு, எங்கெங்கயோ இருக்கிற பசங்க எழுதுன வேற உசுர அதே ஒடம்புல ஏத்தறது, நானே பண்றேன் பாருன்னேன். அவ சிலேட்டுல ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டா.

குழுவுல எழுதியிருந்த மொத வரியே எல்லாத்தையும் பத்திரமா எடுத்து வெச்சுக்கங்கங்கிறதுதான். கம்பெனிக்காரன் போட்ட பூட்டத் தொறந்தா போனுக்குள்ள இருக்கிறதெல்லாம் அழிஞ்சு போயிரும், திரும்ப வராது, செவப்பு எழுத்துல போட்டிருந்தான். படிக்காமயா இருந்தேன். படிச்சேன். அவ அனுப்புன குரல் மெசேஜ் அத்தனையும் மெமரி கார்டுல இருக்குதான்னு பாத்தேன், இருந்துச்சு, எஸ்.டி. கார்டுன்னு பேரே போட்டிருந்துச்சு, அதுக்குள்ள வரிசையா அவ. அந்த அட்டையக் கழட்டி, வேட்டி முடிச்சுல காசு முடியற மாதிரி கைக்குட்டையில சுத்தி, சட்டப் பையில வெச்சுட்டுத்தான் பூட்டத் தொறக்கவே போனேன். நிஜமா அழிக்கட்டுமான்னு போன் கேட்டுச்சு. சத்தத்தக் கூட்டிக் கொறைக்கிற அந்தப் பட்டனத்தான் அமுக்கி ஆமாங்கிற எடத்துக்கு நகத்தணும். நகத்துனேன். அழிடான்னேன். அட்டை பையில இருக்குதுங்கிற தைரியம். புதுசு ஏறிட்டு இருக்கையில சும்மாதானே இருக்கிறோம், ஒரு தடவ அவ கொரலக் கேட்டுக்குவோம்னு அட்டைய எடுத்துக் கம்ப்யூட்டர்ல சொருகுனேன். இந்த அட்டையப் படிக்க முடியல, பார்மேட் பண்ணட்டுமாங்குது, மொத்தத்தையும் தொடச்சு அழிக்கட்டுமான்னு அர்த்தம். கழட்டி ஊதிட்டு சொருகுனேன். பார்மேட் பண்ணட்டுமா. வேற ஓட்டையில சொருகுனேன். பார்மேட் பண்ணட்டுமா. சனியனே, உன்னைய எவன் கேட்டான்.

அப்பறந்தான் எப்பவோ அமுக்குன இன்னொரு பட்டன் ஞாபகம் வந்துச்சு. அட்டை வாங்குன புதுசு, போன்ல எடமில்ல எடமில்லைன்னு நச்சரிச்சிட்டு இருந்துச்சு, அட்டையச் சொருகுனதும் ரெண்டு வழி காட்டி எதுன்னு கேட்டுச்சு, தனி அட்டையாவே வெச்சுக்கிறியா, இல்ல போனோட சொந்த எடமாவே மாத்திக்கிறியா. ரெண்டாவதுதான் பெருசாத் தெரிஞ்சுது, சொந்த எடம்னா நல்லதுதானேன்னு அமுக்கிட்டேன். பஸ்சுக்கு நின்னுட்டு இருந்தேன் அப்ப, கணபதி ஸ்டாப்புல, நல்ல வெயில், திரை கூடச் சரியாத் தெரியல, கையால நெழல் கட்டிட்டு அமுக்குனேன், பஸ் வந்துருச்சு, ஏறிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. பஸ் ரெண்டு நிமிசம் தாமதமா வந்திருந்தா மத்ததப் படிச்சிருப்பனா, படிச்சிருக்க மாட்டேன், எவன் படிக்கிறான். குழுவுல கேட்டேன் இப்ப, கம்ப்யூட்டர்ல இருந்தே. ஒரு பையன் ஒடனே பதில் போட்டான், நல்ல பையன்தான், அண்ணான்னுதான் கூப்பிட்டான். அண்ணா, சொந்த எடமா மாத்துனா போன் அந்த அட்டையப் பூட்டிரும், சாவிய போனுக்குள்ள வெச்சுக்கும், போன அழிச்சீங்கன்னா சாவியும் அழிஞ்சுது, அட்டைக்குள்ள எல்லாம் அப்படியே இருக்கும், ஆனா யாராலயும் தொறக்க முடியாதுண்ணா, சாரிண்ணா. கீழ கும்புடற கை ரெண்டு போட்டிருந்தான். எழவு வீட்டுக்கு வந்தவனாட்ட.

அவனுக்கென்ன தெரியும். அந்தப் பையனுக்கு என்ன வயசிருக்கும். போன் இன்னும் எந்திரிக்கவே இல்லையே, எந்திரிச்சதும் அட்டையச் சொருகுனா, நம்ம அட்டைதானேன்னு அதுக்கு அடையாளம் தெரியாதா. அதே போன்தானே. அதே ஒடம்பு, அதே கண்ணாடி, மூலையில அவ அம்மிக்கல்லு மேல போட்டு ஒடைச்ச அதே கீறல். மோட்டாருக்கு வயரு புதுசாச் சுத்துனா மோட்டார் மாறிப்போயிருமா, அதே பம்புலதானே மாட்டறோம். ஆனா அவுத்து எடுத்த பழைய வயரு எங்க போகும், பழைய இரும்புக்காரங்கிட்டப் போகும், அதுல ஓடுன கரண்டு எங்க போகும். இப்படி யோசிக்காத நாச்சிமுத்து. வேற யோசி. ரெண்டு பிரதி எடுத்திருக்கலாமில்ல, கம்ப்யூட்டர் இங்கயேதானே குத்துக்கல்லாட்ட இருக்குது, ஒரு வயரு போட்டு இழுத்திருந்தா கா மணி நேரத்து வேல. கிளவுடுங்கிறானே, அந்த மேகத்துல ஏத்தி வெச்சிருக்கலாமில்ல, எடம் நெறைஞ்சிருச்சுன்னு தெனமும் கத்துதேன்னு அத நிறுத்துனதும் நான்தான். அவ போன் இருந்திருந்தா அதுலயாவது இருந்திருக்கும், அது ஆஸ்பத்திரி பாத்ரூம்ல வாளியில விழுந்து செத்துப்போச்சு. கல்யாண வீடியோ இருக்குது, அதுல நாதசுரமும் அவ தாய்மாமன் பேச்சுந்தான், அவ ஒரு வார்த்த பேசல, கல்யாணமாகி இத்தன வருசத்துல அவ வாயத் தொறக்காம இருந்த நாள் அது ஒண்ணுதான், அதத்தான் படம் புடிச்சு வெச்சிருக்கிறோம். அவ தங்கச்சி கோபியில இருக்கிறா, இன்னும் அமுக்கற போன்தான், அதுல பேசுனா பேசுனதோட சரி. எங்களுக்குக் கொழந்தையும் இல்ல. யாருகிட்டயும் இல்ல. இந்த நகத்து அளவு அட்டையிலதான் இருக்கிறா, முழுசா இருக்கிறா, உள்ளுக்குள்ள பேசிட்டேதான் இருப்பான்னு தோணுது, வெளிய கேக்கல. மூணு தட்டுக் கேட்டுச்சா? இல்ல. கொட மொளகாய நறுக்கறா. இல்ல வெங்காயமா.

பேசுவாளே, எவ்வளவு பேசுவா. டைப் பண்றதுன்னா கசப்பு, எல்லாம் குரல் மெசேஜ்தான். தையல் மெசின்ல ஒக்காந்துட்டே பேசுவா, மெசின் சத்தம் தடதடன்னு பின்னால ஓடும். ஏனுங், கேக்குதுங்களா, வர்றப்ப கொத்தமல்லி வாங்கியாங், போன தடவையாட்ட மாட்டுக்குப் போடறத வாங்கியாராதீங். ஏனுங், மழ வர்றாப்பல இருக்குது, நான் கடையில நிக்கிறேன், மொட்டமாடியில துணி காயுது, நீங்க வூட்டுல இருந்தா எடுங், இருக்கமாட்டீங், உங்களுக்கு எங்க வூட்டு ஞாபகம். ஏனுங், போன எடுத்தா என்னங் கெரகம். அந்தக் கெரகத்துல ஒரு அழுத்தம் இருக்கும், கெ-ன்னு ஆரம்பிச்சு மூக்கால முடிப்பா. இப்ப நான் சொல்லிப் பாக்கறேன், வரமாட்டேங்குது, என் கொரல்ல வருது. கெரகம். கெரகம். அவ எப்படி முடிப்பா? மேல போவாளா கீழ வருவாளா? போன வாரம் கூடக் கேட்டனே, அதுக்குள்ள எப்படி மறக்கும். ஒரு மெசேஜ் இருந்துச்சு, நிறுத்தற பட்டன அமுக்க மறந்துட்டு அப்படியே சமைச்சிருக்கிறா, நீளமா, ஒரு மணி நேரம் இருக்கும், பாத்திரம் கழுவறது, பூனைய வெரட்டறது, பக்கத்து வூட்டுக்காரியக் காம்பவுண்டு மேல எட்டிக் கூப்புட்டுப் புளி கேக்கறது, நடுவுல தனக்குத்தானே என்னமோ பாட்டு, அடியத் தப்பாப் பாடிட்டு அட ச்சீன்னு சொல்லிட்டு மறுபடி பாடறது. அது ஒண்ணு போதுமின்னு நெனச்சிருந்தேன். அது ஒண்ணே அந்த ஆப்புக்குப் போதும். கேக்காத மெசேஜ் எத்தனையோ. நீளமா இருந்தா நான் கேக்கமாட்டேன், கம்பெனியில மோட்டார் ஓடற எரைச்சல்ல எவன் காதுல வெச்சுக் கேக்கிறது, வீட்டுக்கு வந்து என்னம்மிணி சொன்னேன்னு கேப்பேன், அவ தலையில அடிச்சுக்குவா. கேக்காததுக்கு அடையாளமா இருக்கிற பச்ச நெறம் நீலமா மாறாமயே கெடந்துச்சு அதெல்லாம். ரிட்டயர் ஆனப்பறம் பொறுமையாக் கேக்கலாம்னு வெச்சிருந்தேன். ஆமா, வெச்சிருந்தேன், அரிசி மூட்டையாட்ட.

ஆபரேசனுக்கு முன்னால ஹெப்சிபா மேடம் ஒரு தாளு குடுத்துப் படிக்கச் சொல்லிப் பதிவு பண்ணிக்கங்கன்னுச்சு. அப்பவே கொரலு அரைபட்டுப் போயிருந்துச்சு, தகரத்துல ஆணி இழுக்கற மாதிரி. ரெண்டு வரி படிச்சுட்டு நிறுத்திட்டா. இது நான் இல்லீங்ன்னா. இதப் புடிச்சு வெக்காதீங், நல்லா இருந்தப்பப் பேசுனதுதான் உங்ககிட்ட இருக்குதில்லங்ன்னா. இருக்குதுன்னேன். பத்தரமா இருக்குதுங்களான்னா. இருக்குது அம்மிணி, பேசாமப் படுன்னேன். அவளுக்குக் கொரலு இருந்தப்பக் கடைசியா நான் சொன்னது அதுதான், பேசாமப் படு. அடுத்த நாள் தள்ளுவண்டியில உள்ள தள்ளிட்டுப் போயிட்டாங்க. ஆபரேசனுக்கப்பறம் கழுத்துல வெச்சுப் பேசற மெசின் ஒண்ணு குடுத்தாங்க, வண்டு ரீங்கற மாதிரி ஒரே தாளத்துல பேசும், ஆம்பளையுமில்ல பொம்பளையுமில்ல. ஒரு நாள் வெச்சுப் பாத்தா. நாச்சிமுத்துன்னு என் பேரச் சொன்னா, எப்பவும் பேரே சொல்லமாட்டா, வேணும்னே சொல்லிப் பாத்தா போல. நான் மொகத்த எப்படி வெச்சிருந்தேனோ தெரியல. அத எடுத்து பீரோவுக்கு மேல வெச்சுட்டா, இன்னும் அங்கதான் இருக்குது, ஒட்டடை புடிச்சு. என் மூஞ்சியப் பாத்தே எல்லாங் கண்டுபுடிச்சிருவா, அதான் எனக்கு இப்ப பயம். நேரா பாத்தான்னா முடிஞ்சுது. சுத்துது. புள்ளி மேல ஏறுது, எறங்குது. இது எந்திரிக்காமயே போயிருச்சுன்னா கூடத் தேவல, போன் செத்துப்போச்சு வசந்தா, போனோட போச்சுன்னு பழியத் தூக்கி அதும்மேல போட்டரலாம். அட, என்ன புத்தி இது. எந்திரி சாமி, எந்திரி, உன்னையக் கையெடுத்துக் கும்புடறேன். 

தட், தட், தட். இது மூணு. வர்றேன் வர்றேன்னு கத்தறேன். காத்தால இருந்தே அரிசீம்பருப்புச் சோத்துக்கு ஏற்பாடு பண்ணிட்டு இருக்கிறா, குக்கர் வேண்டாம், சட்டியிலதான் அடி நல்லா வரும்னு சட்டிய வெச்சிருக்கிறா, எனக்குப் புடிச்சது, இன்னைக்கு அவ மொதல்ல பேசப் போறாளே, அதுக்கு. என்ன பேசப் போறேன்னு நேத்துக் கேட்டதுக்கு சிலேட்ட நெஞ்சோட அணைச்சுட்டுக் காட்டமாட்டேன்னுட்டா, இந்த வயசுல ஒரு குசும்பு. அப்பறம் பட்டன அமுக்கி அழிச்சுட்டா. அவளுக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு வரி, வாயில வெச்சுட்டுக் காத்துட்டு இருக்கிறா. போயி அடுப்பப் பாக்கணும், தண்ணி சுண்டிப்போச்சான்னு மோந்து பாக்கணும், இப்பப் போனா வட்டம் நின்னுருமோ, நின்னு அட்டையத் தேடுமோ, அப்ப நான் பக்கத்துல இல்லாட்டி. என்ன பேச்சு இது, நான் இருந்தா அது தொறந்திருமா. ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தான், ஆபரேசன் நடக்கற கதவுக்கு முன்னாலயே நின்னேன், ஒண்ணுக்குக் கூடப் போகல, நான் நகந்தா எதோ ஆயிரும்னு. நகரல. அப்பவும் ஆச்சு. தட், தட், தட். வர்றேன் அம்மிணி, ஒரு நிமிசம். லேசா வருது வாசம், பருப்பு செவக்கற வாசம், இது நல்ல வாசம், இன்னும் கொஞ்சம் இருக்குது, இதுக்கப்பறந்தான் கெட்ட வாசம். எனக்குத் தெரியும். தெரிஞ்சே ஒக்காந்திருக்கிறேன்.

நின்னுருச்சு. வட்டம் போயிருச்சு. வணக்கம்ங்குது திரை, தமிழ்ல, பளிச்சின்னு. மொழியத் தேர்ந்தெடுங்க, நேரத்தச் சரிபாருங்க, எல்லாம் புதுப் போனாட்ட ஓடுது, விரல் பட்டாப் பறக்குது, அந்தப் பசங்க கெட்டிக்காரப் பசங்கதான், ஒரு கொறையும் சொல்ல முடியாது. வை-பை புடிச்சுருச்சு. ஆப் எறங்குது, பொருந்தாதுன்னு சொல்லவே இல்ல, பொருந்துது. நான் ஜெயிச்சுட்டேன். மீசை மொளைக்காதவங்கிட்டப் போகாம நானே பண்ணிட்டேன். மறுபடி முடிஞ்சு வெச்சிருந்த கைக்குட்டையப் பல்லால இழுத்து அவுத்து, அட்டையச் சின்னத் தட்டுல வெச்சு, போனுக்குள்ள தள்ளுனேன். கொஞ்ச நேரம் ஒண்ணுமில்ல. அந்தக் கொஞ்ச நேரத்துல எல்லாம் இருந்துச்சு, கொத்தமல்லி இருந்துச்சு, மழ இருந்துச்சு, புளி கேட்டது இருந்துச்சு. டிங்குன்னு மேல ஒரு வரி வந்துச்சு. புதிய அட்டை கண்டறியப்பட்டது. பயன்படுத்த வேண்டுமானால் முதலில் வடிவமைக்கவும், அதிலுள்ள அனைத்தும் அழிக்கப்படும். புதிய அட்டை. என்னையத் தெரியலைன்னு சொல்லிருச்சு. மூலையில அதே கீறல், உள்ள வேற யாரோ. வேண்டாம்னு அமுக்குனேன். மறுபடி கேட்டுச்சு. வேண்டாம். கழட்டிட்டேன். அந்தப் பையன் சொன்னது சரிதான், சாரிண்ணா. வாசம் இப்ப மாறிப்போச்சு, நல்லாவே மாறிப்போச்சு, எந்திரிக்கணும், திரையவே பாத்துட்டு ஒக்காந்திருக்கிறேன். போச்சு. போச்சு வசந்தா. நானே என் கையால அமுக்குனேன், அழிடான்னு சொல்லி அமுக்குனேன். வாயத் தொறந்து சொல்லிப் பழகிக்கலாம்னு பாக்கறேன், அந்த வார்த்தயே வரல, எனக்கு ஒரு ஓட்டையும் போடல, இருந்தும் வரல.

வந்துட்டா. முந்தானையில சட்டியப் புடிச்சு எறக்கிட்டு அப்படியே தூக்கிட்டு வந்துட்டா, கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்து நான் போகாததுல. மேசை மேல பழைய பேப்பர வெச்சு அது மேல சட்டிய வெச்சா. திரைல வெளிச்சத்தப் பாத்துட்டா. மொகம் மலந்துருச்சு, புருவத்தத் தூக்கி என்னையப் பாக்கறா, எந்திரிச்சுருச்சாங்கிறா. தலைய ஆட்டுனேன். பொய் இல்ல, எந்திரிச்சுருச்சு. போன என் கையில இருந்து வாங்கிட்டா. ஆப் தொறந்து கெடக்குது, குரல் மாதிரியைச் சேர்க்கவும்னு ஒரு வரி, அதுக்குக் கீழ இல்லைன்னா தயார்க் குரலைப் பயன்படுத்தவும்னு இன்னொரு வரி, அவ ரெண்டாவத அமுக்கிட்டா, அவளுக்கும் ரெண்டாவதுதான் பெருசாத் தெரிஞ்சிருக்கும். ஈரக் கைய முந்தானையில தொடச்சுட்டு, ஒத்த விரலால, ஒவ்வொரு எழுத்தாத் தேடித் தேடி அமுக்கறா. நான் அவ கழுத்தையே பாத்துட்டு இருக்கிறேன், துணி உள்ள போகுது, வெளிய வருது. நேத்து நெஞ்சோட அணைச்சு மறைச்ச வரி. அமுக்கிட்டுப் போன என் பக்கமாத் திருப்பிப் புடிச்சா.

"ஏனுங்க. சாப்பிட வாங்க."

சுத்தமான தமிழ், ரேடியோக்காரி மாதிரி, மெட்ராஸ்ல எதோ கண்ணாடி ரூம்புல ஒக்காந்து பேசுன பொம்பள. ங்-ல நிக்க வேண்டியது ங்க-ன்னு நீண்டு போயிருந்துச்சு. இவ்வளவுதானா அவ மறைச்சு வெச்சது, தெனமும் கூப்புடற கூப்பாடு. வசந்தாமணி போனப் பாத்தா, என்னையப் பாத்தா. ஒரு நொடி ஒண்ணும் புரியல அவளுக்கு. அப்பறம் தோளு குலுங்குச்சு. சிரிக்கிறா. சிலேட்ட எடுத்து எழுதுனா.

"யாருங் இவ?"

நானும் சிரிக்கப் பாத்தேன். "அது சும்மா, கூடவே வர்றது. எல்லாப் போன்லயும் வரும்."

"என்ற குரலு?"

"போடணும்."

"எப்பங்?"

"கொஞ்சம் நேரமாகும் அம்மிணி. மொத தடவயில்ல."

சரின்னு தலையாட்டுனா. பட்டன அமுக்குனா, சிலேட்டு வெறுமையாச்சு. என் கைக்குட்டை மேசை மேல முடிச்சவுந்து கெடந்துச்சு, அது மேல அட்டை, அதப் பாத்தா. ஒரு விரலால நகத்திப் பத்திரமாத் தள்ளி வெச்சா, சட்டிச் சூடு படாம. அப்பறம் மூடியத் தூக்கிட்டு சட்டிய என் மூக்குக்கு நேராக் கொண்டு வந்தா, எப்பவும் போல, தலையச் சாச்சு, தீஞ்சுருச்சாங்கிற மாதிரி என் மூஞ்சியவே பாத்துட்டு.

நான் நல்லா உள்ள இழுத்து மோந்து பாத்தேன். "இல்ல வசந்தா," ன்னேன். "நல்லா இருக்குது. போடு."

அவளுக்கு மனசு நெறைஞ்சு போச்சு. தட்டெடுக்கப் போனா. கருகல் வாசம் அந்த ரூம்பு முழுக்க இருந்துச்சு, சட்டப் பையில, கைக்குட்டையில, எல்லாத்துலயும் ஏறிப்போச்சு, அவளுக்கு மட்டும் இன்னும் தெரியல.